வேறிடத்தில் இருந்த மனிதன்

ஆர்தர் கானன் டாயில் எழுதியவற்றில் எது சிறந்தது என்று கேட்டால் பெரும்பாலோர் ஷெர்லாக் ஹோம்ஸ் தொகுதி ஒன்றின் பெயரைத்தான் சொல்வார்கள். அவருடைய சரித்திர நாவல்களில் ஒன்றைச் சொன்னால் ஆசிரியர் இன்னும் அதிகமாகச் சந்தோஷப்பட்டிருப்பார். நான் சொல்ல விரும்புவது இரண்டிலும் சேராத ஒரு சிறு புத்தகம். 1912-இல் வெளிவந்தது. ‘ஆஸ்கார் ஸ்லேட்டர் வழக்கு’ என்று அதற்குப் பெயர். ஒரு மாலைப் பொழுதில் படித்து முடித்துவிடலாம். அதில் ஹோம்ஸ் இல்லை, வாட்ஸன் இல்லை; கடைசிப் பக்கத்தில் கொலைகாரன் அகப்படுவதும் இல்லை. ஹோம்ஸ் கதைகளை எதிர்பார்த்து எடுக்கிற வாசகர் ஏமாந்துதான் போவார். ஆனாலும் கதை படிக்கிறவர்கள், அதைவிடவும் கதை எழுதுகிறவர்கள், ஒரு முறையாவது படிக்க வேண்டிய நூல் அது என்று எனக்குத் தோன்றுகிறது.

அதை நான் ஒரு விமரிசன நூலாகவே கருதுகிறேன். ஒரு பழைய நூலின் பிரதிகளை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தப் பாடம் முந்தியது, எது பின்னால் சேர்ந்தது, சேர்த்தவர் யார், ஏன் சேர்த்தார் என்று பார்ப்பது விமரிசகனின் வேலைகளில் ஒன்று. டாயில் இந்தச் சிறு நூலில் செய்திருப்பது அதைத்தான். அவர் கையில் எடுத்துக்கொண்ட பிரதிகள் சாட்சிகளின் வாக்குமூலங்கள். வில்லியம் ரஃப்ஹெட் என்ற வக்கீல் அந்த வழக்கின் விசாரணை முழுவதையும் பதிப்பித்து 1910-இல் வெளியிட்டிருந்தார். அதை வைத்துக்கொண்டு டாயில் வரிவரியாகப் படித்தார்.

வழக்கைச் சொல்வதற்கு முன்னால் ஒரு வார்த்தையைப் பற்றிப் பேசிவிட வேண்டும். ‘அலிபி’ என்பது நம் ஊர்க் கோர்ட்டு வராந்தாக்களிலும் செலாவணியாகிவிட்ட வார்த்தை. ‘வேறிடத்தில்’ என்பதுதான் லத்தீனில் அதன் பொருள். குற்றம் நடந்த நேரத்தில் நான் அங்கே இல்லை, வேறிடத்தில் இருந்தேன் என்று குற்றம் சாட்டப்பட்டவன் சொல்வது அலிபி. உண்மையாக இருந்தால் இதைவிடச் சுத்தமான எதிர்வாதம் கிடையாது. ஒரு மனிதன் ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் இருக்க முடியாது என்பதில் யாருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை.

ஆனால் துப்பறியும் நாவல் இந்த நல்ல வார்த்தைக்கு ஒரு கெட்ட பெயரை வாங்கிக் கொடுத்துவிட்டது. பிரீமன் வில்ஸ் கிராஃப்ட்ஸ் என்ற ஆசிரியர் ரயில்வேயில் இன்ஜினீயராக இருந்தவர். ரயில் கால அட்டவணையை வைத்துக்கொண்டு, யாராலும் அசைக்க முடியாதது போலத் தோன்றும் அலிபியை நிமிஷம் நிமிஷமாகப் பிரித்துப் போடுவது அவருடைய நாவல்களில் பிரசித்தமான வித்தை. அவர் வழியில் வந்தவர்கள் அநேகம் பேர். இந்த நாவல்களில் பழகிய வாசகன் ஒரு பாடம் கற்றுக்கொண்டு விடுகிறான்: யாருடைய அலிபி மிகவும் உறுதியாக இருக்கிறதோ அவன்தான் குற்றவாளி. அலிபி இல்லாமல் திருதிருவென்று விழிக்கிறவன் நிரபராதி. கதைக்கு இது சரியான விதிதான். புதிரை அவிழ்ப்பதில் வாசகனுக்குக் கிடைக்கும் சந்தோஷம் அந்த விதியில்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாசகனே ஒரு நாள் ஜூரர் ஆசனத்தில் உட்காரும்போது அந்த விதியும் கூடவே வந்து உட்கார்ந்து கொள்கிறது. ஆஸ்கார் ஸ்லேட்டர் காலத்தில் இந்த நாவல்களில் பல எழுதப்படவில்லை என்பது உண்மை. ஆனாலும் அலிபியைக் கண்டால் முகம் சுளிக்கிற சுபாவம் அதற்கு முன்பே இருந்தது. நாவல் அதைக் கண்டுபிடிக்கவில்லை, வளர்த்துவிட்டது.

இனி வழக்கைச் சொல்கிறேன். 1908-ஆம் வருஷம் டிசம்பர் 21-ந் தேதி. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரம். மேரியன் கில்கிறிஸ்ட் என்ற, எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருத்தி ஒரு மாடிக் குடியிருப்பில் தனியாக வசித்து வந்தாள். கூட இருந்தது ஹெலன் லாம்பி என்ற வேலைக்காரப் பெண் ஒருத்திதான். கிழவியிடம் சுமார் 3,000 பவுன் பெறுமான நகைகள் இருந்தன. மாலை ஏழு மணிக்கு லாம்பி பத்திரிகை வாங்கக் கடைக்குப் போனாள். போய்த் திரும்பப் பத்து நிமிஷம். அதற்குள் கீழ்வீட்டில் குடியிருந்த ஆடம்ஸ் என்பவருக்கு மேலே தடதடவென்று சப்தம் கேட்டது. அவர் மாடியேறி வந்து மணியை இழுத்தார். உள்ளே விறகு பிளப்பது போன்ற ஓசை. லாம்பி திரும்பி வந்து கதவைத் திறந்தாள். அப்போது உள்ளே ஓர் அறையிலிருந்து ஒரு மனிதன் வெளிவந்தான். பதற்றம் இல்லாமல் ஆடம்ஸைக் கடந்து வாசல்வரை நடந்தான். பிறகு படிகளில் தாவி இறங்கி ஓடிவிட்டான். சாப்பாட்டு அறையில் கிழவி மண்டை உடைந்து கிடந்தாள். நகைகள் அத்தனையும் அப்படியே இருந்தன. ஒரு வைரப் பிறை ப்ரோச்சு மட்டும் காணோம். காகிதங்கள் வைத்திருந்த ஒரு மரப்பெட்டி உடைக்கப்பட்டிருந்தது. தெருவில் மேரி பாரோமன் என்ற பதினான்கு வயதுப் பெண், ஓடி வந்த ஒருவன் விளக்குக் கம்பத்தருகே தன் மேல் மோதிவிட்டுப் போனதாகச் சொன்னாள்.

சில நாட்களில் போலீஸாருக்கு ஒரு துப்புக் கிடைத்தது. ஸ்லேட்டர் என்ற ஜெர்மானிய யூதன் ஒருவன் ஒரு வைர ப்ரோச்சின் அடகுச் சீட்டை விற்கப் பார்க்கிறான் என்று தகவல். அவன் சூதாட்ட விடுதிகளில் காலம் கழிப்பவன், சொந்தப் பெயரோடு வேறு பல பெயர்களையும் வைத்துக்கொள்கிறவன், மனைவி இருக்க வேறொரு பெண்ணுடன் வாழ்பவன். விசாரிக்கப் போனால் அவன் அந்தப் பெண்ணுடன் லிவர்ப்பூல் சென்று, வேறு பெயரில் லூசிடேனியா கப்பலில் அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டான். இதைவிட வேறென்ன வேண்டும்? நியூயார்க் துறைமுகத்தில் அவனைப் பிடித்தார்கள்.

இடையில் அந்த அடகுக் கடை ப்ரோச்சைப் பார்த்தார்கள். அது கிழவியுடையது அல்ல, அமைப்பே வேறு. கொலை நடப்பதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே, நவம்பர் 18-ந் தேதியே, அடகில் போய்விட்டது. தமிழ் வாசகனுக்கு இந்த இடத்தில் சிலப்பதிகாரம் நினைவுக்கு வராமல் இருக்காது. அங்கேயும் ஒரு நகையைப் போல இன்னொரு நகை. சந்தேகத்தில் ஓர் அந்நிய ஊர்க்காரன். கோவலனுடைய சிலம்பை உடைத்து, முத்து அல்ல, மாணிக்கம் என்று கண்ட மாத்திரத்தில் பாண்டியனுடைய வழக்கு முடிந்துவிடுகிறது. அதோடு அவன் உயிரும் போகிறது. கிளாஸ்கோவில் அப்படி நடக்கவில்லை. ப்ரோச்சு பொய்யானது, ப்ரோச்சினால் வந்த சந்தேகம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. ஸ்லேட்டரை ஏன் பிடித்தோம் என்பதற்கு இருந்த ஒரே காரணம் போன பிறகு, பிடித்தவனை வைத்துக்கொண்டு காரணம் தேட ஆரம்பித்தார்கள். இதை டாயில் ஆவேசப்படாமல் சுட்டிக் காட்டுகிறார்.

தேடிய காரணம் கண்கண்ட சாட்சியமாக வந்து சேர்ந்தது. இங்கேதான் நூலின் சிறப்பான பகுதி வருகிறது. லாம்பி என்ன சொன்னாள்? முதல் நாட்களில் அவள் சொன்ன அடையாளத்துக்கும் பாரோமன் சொன்ன அடையாளத்துக்கும் உடுப்பிலும் தொப்பியிலும் ஒற்றுமையில்லை. போலீஸாரே இரண்டு வேறு ஆட்களைத் தேட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். நியூயார்க்கில் லாம்பியைக் கேட்டபோது, தான் அந்த மனிதனின் முகத்தைப் பார்க்கவில்லை என்றும், நடையை வைத்து அடையாளம் சொல்வதாகவும் சொன்னாள். எடின்பரோவில் விசாரணை நடந்தபோது முகத்தையும் பார்த்ததாகச் சொன்னாள். நாள் ஆக ஆக மனித ஞாபகம் மங்குவதுதான் வழக்கம். இவள் ஞாபகம் நாள் ஆக ஆகத் தெளிவாகிக்கொண்டு வந்தது. ஆடம்ஸ் கண்ணாடி இல்லாமல் நன்றாகப் பார்க்க முடியாதவர். அன்றைக்குக் கண்ணாடி அணியவில்லை. ‘அந்த மனிதனை மிகவும் ஒத்திருக்கிறான்’ என்பதற்கு மேல் அவர் ஒரு சொல்லும் கூட்டவில்லை. மூன்று சாட்சிகளில் அதிக நேரம் நின்று நிதானமாகப் பார்க்க வாய்த்தவர் அவர். மிகக் குறைவாகச் சொன்னவரும் அவர். மிகவும் உறுதியாகச் சொன்னவள், ஓடுகிற ஒருவனைத் தெரு விளக்கொளியில் ஒரு கணம் பார்த்த பதினான்கு வயதுச் சிறுமி.

அந்த இரு பெண்களும் நியூயார்க்குக்கு ஒரே கப்பலில், ஒரே அறையில் தங்கிப் பிரயாணம் செய்தார்கள். வழியெல்லாம் இந்த வழக்கைப் பற்றித் தாங்கள் ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை என்று சொன்னார்கள். போட்டோக்களை அவர்களுக்கு முன்பே காட்டியிருந்தார்கள். கோர்ட்டு வாசலில் அவர்கள் நின்றிருக்கும்போதே ஸ்லேட்டரை அதிகாரிகள் நடுவில் விட்டு அழைத்துப் போனார்கள். பிறகு கிளாஸ்கோவில் அடையாள அணிவகுப்பு நடத்தினார்கள். கறுத்த மயிரும் அந்நிய முகமும் கொண்ட இவனை உள்ளூர்ப் போலீஸ்காரர்களுக்கும் ரயில்வே ஊழியர்களுக்கும் நடுவில் நிறுத்தினார்கள். அவர்களில் அந்நியனைக் காட்டு என்று சொன்னால் குழந்தைகூடக் காட்டிவிடும்.

இந்தச் சாட்சிகளைப் பொய்யர்கள் என்று நான் சொல்லவில்லை. பொய்ச் சாட்சியைக் கண்டுபிடிப்பது எளிது. குறுக்கு விசாரணையில் அது நைந்துவிடும். உண்மையாகவே நம்பிச் சொல்கிற தப்பான சாட்சி நையாது. ஏனெனில் சொல்கிறவளின் மனசில் பயம் இல்லை. கதை எழுதுகிறவர்களுக்கு இந்த விஷயம் நன்றாகத் தெரியும். ஒரு பாத்திரத்தைப் பத்து தரம் நினைத்துப் பார்த்தபின் அதற்கு முகம் வந்துவிடும். முதலில் இருந்த முகமா, பின்னால் நாம் ஒட்டிய முகமா என்று நமக்கே பிரித்துச் சொல்ல முடியாது. சாட்சியும் ஒரு விதத்தில் கதாசிரியைதான். ஒரு வித்தியாசம்: நம்முடைய திருத்தங்களால் யாரையும் தூக்கில் போடுவதில்லை.

இனி மற்றத் தட்டைப் பார்ப்போம். ஸ்லேட்டர் அன்று மாலை என்ன செய்தான்? பில்லியர்ட்ஸ் ஆடும் இடத்திலிருந்து சுமார் ஆறரை மணிக்குச் சாப்பாட்டுக்காக வீட்டுக்குக் கிளம்பினான் என்று அவனுடன் இருந்தவர் சொன்னார். ஏழு மணிக்கு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான் என்று அவனோடு வாழ்ந்த பெண்ணும், அந்த வீட்டு வேலைக்காரியும் சாட்சி சொன்னார்கள். அவ்வளவுதான் அவனுடைய அலிபி. வீடோ கொலை நடந்த இடத்திலிருந்து சில நிமிஷ நடைத் தூரத்தில் இருந்தது. ஜூரர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆசைநாயகி ஒருத்தி, அவளிடம் சம்பளம் வாங்கும் வேலைக்காரி ஒருத்தி. இவர்கள் பேச்சுக்கு என்ன மதிப்பு என்று நினைத்துவிட்டார்கள்.

நான் கேட்கிறேன்: மாலை ஏழு மணிக்குத் தன் வீட்டில் சாப்பிடுகிற மனிதனுக்கு வேறு யார் சாட்சியாக இருக்க முடியும்? நகர மேயரா, பாதிரியாரா? நிரபராதியின் சாயங்காலம் பெரும்பாலும் சுவாரஸ்யமற்றது. அது பின்னால் தேவைப்படும் என்று அவனுக்குத் தெரியாது. நேரத்தைக் குறித்து வைப்பதில்லை. ஆட்களைக் கூப்பிட்டுத் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. அப்படியெல்லாம் செய்து வைத்திருந்தால்தான் சந்தேகிக்க வேண்டும். ஆகவே உண்மையான அலிபி இயல்பிலேயே பலவீனமானது. வீட்டார் சொல்லைத் தவிர அதற்கு ஊன்றுகோல் இல்லை. திறமையாகத் தயாரித்த அலிபிதான் பலமாக இருக்கும். துப்பறியும் நாவலாசிரியர் சொல்வது இதன் பாதியைத்தான். பலமான அலிபியைச் சந்தேகி என்று சொல்லிக் கொடுத்தவர், பலவீனமான அலிபியைச் சற்று மதி என்று சொல்லிக் கொடுக்க மறந்துவிட்டார்.

ஒழுக்கம் கெட்டவர்களின் சாட்சியம் என்பதால்தான் நம்பவில்லை என்று யாராவது சொல்லலாம். அதற்கும் டாயிலின் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது. ஸ்லேட்டர் விஷயத்தில் தலையிடுவதற்குச் சில வருஷங்கள் முன்பு அவர் ஜார்ஜ் எடால்ஜி என்ற இளம் வக்கீலுக்காகப் போராடியவர். எடால்ஜியின் தகப்பனார் பம்பாயிலிருந்து போன பார்ஸி. கிறிஸ்தவராகி இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் பாதிரியாராக இருந்தார். இரவில் கால்நடையை அறுத்ததாக 1903-இல் மகன் மேல் குற்றம் சாட்டினார்கள். அந்த இரவு மகன் தன்னுடன் ஒரே அறையில், கதவைத் தாளிட்டுக்கொண்டு தூங்கினான் என்று தகப்பனார் சாட்சி சொன்னார். பாதிரியாரின் சத்தியப் பிரமாணத்துக்கும் மதிப்பில்லை. தகப்பன்தானே என்று தள்ளிவிட்டார்கள். ஆக, வீட்டார் கெட்டவர்களா நல்லவர்களா என்பது கேள்வியில்லை. வீட்டார் என்பதே குற்றமாகிவிடுகிறது. அகதா கிறிஸ்டியின் ‘விட்னஸ் ஃபார் தி ப்ராஸிக்யூஷன்’ என்ற கதையும் இந்த ஒரு உண்மையின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது: புருஷனைக் காப்பாற்ற மனைவி சொல்லும் அலிபியை எந்த ஜூரரும் நம்பமாட்டார். அந்தக் கதையின் முடிவைப் படிக்காதவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன்.

1909 மே மாதம் நான்கு நாள் விசாரணை நடந்தது. ஸ்காட்லாந்து ஜூரியில் பதினைந்து பேர், அன்று பெரும்பான்மை போதுமானதாக இருந்தது. ஒன்பது பேர் குற்றவாளி என்றார்கள். ஐந்து பேர் ‘நிரூபணமாகவில்லை’ என்றார்கள். அந்நாட்டில் அன்று அப்படியும் ஒரு தீர்ப்பு இருந்தது. ஒருவர் நிரபராதி என்றார். ஒன்பதில் இரண்டு பேர் வேறுவிதமாக நினைத்திருந்தால் ஸ்லேட்டர் அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போயிருப்பான். மே 27-ந் தேதி தூக்கு என்று குறித்தார்கள். இரண்டு நாளைக்கு முன்னால்தான் அதை ஆயுள் தண்டனையாக மாற்றினார்கள். இந்தச் சலுகை விசித்திரமானது. குற்றவாளி என்றால் அந்தக் கொடூரத்துக்கு இரக்கம் காட்ட ஒரு நியாயமும் இல்லை. சந்தேகம் இருந்தது என்றால் சிறையில் வைப்பதற்கும் நியாயம் இல்லை.

டாயிலின் நூல் இதற்குப் பிறகு வந்தது. அதன் நிறைகளைச் சொன்னேன். குறையையும் சொல்ல வேண்டும். அவருக்கு ஸ்லேட்டரைப் பிடிக்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை. பிடிக்காத ஒருவனுக்காக எழுதியதால் நூலுக்கு ஒரு நிதானம் வந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஆனால் பாதிக்கு மேல் போனதும் பழைய கதாசிரியர் விழித்துக்கொள்கிறார். ஸ்லேட்டர் இல்லை என்றால் வேறு யார்? கொலைகாரன் நகைக்காக வந்திருக்கமாட்டான், உயில் போன்ற ஏதோ ஒரு பத்திரத்தைத் தேடி வந்திருப்பான், கிழவியே கதவைத் திறந்துவிடும்படியாகத் தெரிந்தவனாக இருப்பான் என்று அவர் ஊகிக்கிறார். உடைந்த பெட்டியை வைத்துப் பார்த்தால் ஊகம் கெட்டிக்காரத்தனமானதுதான். ஆனால் ஒரு மனிதன் குற்றவாளி இல்லை என்று காட்டுவதற்கு இன்னொரு குற்றவாளியைக் காட்ட வேண்டிய அவசியமில்லை. ஒரு கதையைத் தள்ள வேண்டுமானால் அதைவிட நல்ல கதை ஒன்று வேண்டும் என்று கேட்பது வாசகனின் பலவீனம். சிறந்த கதாசிரியரான டாயில் அந்தப் பலவீனத்துக்கு இணங்கிவிட்டார். அந்தப் பக்கங்களில் அவர் விமரிசகராக இல்லை.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1914-இல் ஜான் டிரெஞ்ச் என்ற போலீஸ் அதிகாரி, கொலை நடந்த இரவே லாம்பி வேறொரு மனிதனின் பெயரைச் சொன்னாள் என்று வெளியிட்டார். ரகசியமாக, பிரமாணம் வாங்காமல் ஒரு விசாரணை நடந்தது. ஸ்லேட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை; டிரெஞ்சுக்குத்தான் வேலை போயிற்று. அந்த விசாரணையில் மக்பிரேன் என்ற மளிகைக்காரர் ஒருவரும் வெளிப்பட்டார். அன்று இரவு எட்டே கால் மணிக்கு ஸ்லேட்டர் தன் வீட்டு வாசலில் அமைதியாக நின்றிருந்ததைப் பார்த்தவர் அவர். போலீஸாரிடம் அப்போதே சொல்லியிருந்தார். கோர்ட்டுக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. இதையும் உள்ளபடி எடை போட வேண்டும். எட்டே காலுக்கு வீட்டில் நின்றவன் ஏழு மணிக்கு எங்கே இருந்தான் என்பதை அது சொல்லாது. ஆனால் கொலை செய்தவன் எட்டு மணி வாக்கில் சுரங்க ரயிலடியில் தலைதெறிக்க ஓடினான் என்று அரசாங்கத் தரப்பு காட்டியிருந்த சித்திரத்தோடு அது பொருந்தாது. வீட்டாரல்லாத ஒரே சாட்சி அந்த மளிகைக்காரர். அவருடைய குரல் மட்டும் ஜூரர்கள் காதில் விழாமல் போய்விட்டது.

1925-இல், விடுதலையான கைதி ஒருவன் ஸ்லேட்டர் எழுதிய ஒரு துண்டுக் காகிதத்தை வாய்க்குள் ஒளித்துக்கொண்டு வந்து டாயிலிடம் சேர்த்தான். டாயில் மறுபடியும் கிளம்பினார். வில்லியம் பார்க் என்ற பத்திரிகையாளர் 1927-இல் ஒரு புத்தகம் எழுதினார். லாம்பி, பாரோமன் இருவருடைய சாட்சியத்தையும் ஆட்டம் காணச் செய்யும் வாக்குமூலங்கள் அவர்கள் பெயரிலேயே பத்திரிகைகளில் வந்தன. அந்த நவம்பரில் ஸ்லேட்டரை வெளியே விட்டார்கள். அவன் சிறையில் இருந்தது பதினெட்டரை வருஷம். ஸ்காட்லாந்தில் குற்றவியல் அப்பீல் கோர்ட்டே 1926-இல்தான் ஏற்பட்டது. அதற்கு முந்திய இந்த வழக்கை அது கேட்பதற்காகத் தனியாக ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

1928 ஜூலையில் அப்பீல் நடந்தது. டாயில் போய் உட்கார்ந்திருந்தார். லாம்பி வரவில்லை. ஸ்லேட்டர் சாட்சிக் கூண்டில் ஏற விரும்பினான், அனுமதிக்கவில்லை. ஜூலை 20-ந் தேதி தண்டனை ரத்தாயிற்று. எந்தக் காரணத்தால்? முதல் விசாரணையில் நீதிபதி கத்ரி ஜூரர்களிடம் பேசும்போது, ஸ்லேட்டரைப் போன்ற வாழ்க்கை நடத்துகிறவனுக்கு, மற்றவர்களுக்கு இருப்பது போல ‘நிரபராதி’ என்ற அனுமானம் துணையிருக்காது என்ற பொருள்படச் சொல்லிவிட்டார். அது சட்டப்படி தப்பு. ஆகவே தண்டனை செல்லாது. சாட்சியத்தை வைத்துப் பார்த்தால் ஜூரர்கள் அப்படித் தீர்மானித்தது நியாயமற்றது என்று சொல்ல முடியாது என்றும் அதே கோர்ட்டு சொல்லிற்று. 6,000 பவுன் நஷ்ட ஈடு கிடைத்தது. செலவுப் பணத்தைப் பற்றி டாயிலுக்கும் ஸ்லேட்டருக்கும் மனஸ்தாபம் வந்து பிரிந்துவிட்டார்கள். கதையில் இப்படி முடித்தால் நம் வாசகர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

அந்தத் தீர்ப்பைப் பற்றி நான் அடிக்கடி யோசித்ததுண்டு. அப்பீல் கோர்ட்டு சாட்சிகளின் முகத்தைப் பார்ப்பதில்லை, காகிதத்தைத்தான் பார்க்கிறது. நேரில் பார்த்த ஜூரர்கள் நம்பியதை, பார்க்காத நாம் ஏன் கலைக்க வேண்டும் என்ற தயக்கம் அதற்கு எப்போதும் உண்டு. தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் டாயில் நமக்குக் காட்டியது என்னவென்றால், சில உண்மைகள் முகத்தைப் பார்க்கிறவனுக்குத் தெரிவதில்லை. காகிதத்தைப் படிக்கிறவனுக்குத்தான் தெரியும் என்பது. சாட்சிக் கூண்டில் நிற்கும் பெண்ணின் உறுதியான குரல் ஜூரரை மயக்கிவிடும். நியூயார்க்கில் சொன்னதையும் எடின்பரோவில் சொன்னதையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கிறவனை அந்தக் குரல் ஒன்றும் செய்யாது. அப்பீல் கோர்ட்டுக்கு இருக்கும் குறை என்று சொல்லப்படுவதே அதனுடைய பலமும் ஆகும்.

நம் நாட்டுச் சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தை வரைந்தவர் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். நாவலாசிரியை வெர்ஜீனியா வுல்ஃபின் பெரியப்பா. அவர் அலிபிக்குக் கொடுத்த உதாரணம் நம் வக்கீல்களுக்கெல்லாம் மனப்பாடம்: கல்கத்தாவில் குற்றம் நடந்த நாளில் ஒருவன் லாகூரில் இருந்தான் என்பது சம்பந்தமுள்ள விஷயம். 2024 ஜூலை முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதுச் சட்டம் வந்துவிட்டது. அதில் கல்கத்தா சென்னையாகவும் லாகூர் லடாக்காகவும் மாறியிருக்கின்றன. ஊர்கள் மாறினாலும் உதாரணத்தின் குணம் மாறவில்லை. சென்னைக்கும் லடாக்குக்கும் நடுவே கிடக்கும் தூரம் இருந்தால் யாரும் தீர்ப்புச் சொல்லிவிடலாம். கோர்ட்டுகளுக்கு வரும் அலிபியோ பெரும்பாலும் அடுத்த தெருவில் இருக்கிறது. ஆகவேதான் நம் நீதிமன்றங்கள், குற்றம் நடந்த இடத்தில் அவன் இருந்திருக்கவே முடியாது என்கிற அளவுக்கு அலிபியை நிரூபிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி வந்திருக்கின்றன. கண்டிப்பு தேவைதான், இல்லாவிட்டால் நாலு சிநேகிதர்கள் இருக்கிற எந்தக் கொலைகாரனும் தப்பிவிடுவான். கண்கண்ட சாட்சியை அடியோடு தள்ளுவதும் நடக்காத காரியம். பல கொலைகளுக்கு அதைத் தவிர வேறு தடயமே கிடையாது. ஆனால் 1981-இல் நம் உச்ச நீதிமன்றம் ஓர் அப்பீலில் இன்னொன்றையும் சொல்லி வைத்தது: எதிரித் தரப்புச் சாட்சிகளையும் அரசாங்கத் தரப்புச் சாட்சிகளைப் போலவே சமமாக நடத்த வேண்டும், அவர்களைக் கண்டதும் நம்ப மறுக்கும் பழக்கத்தை விட வேண்டும். அந்த வழக்கில் அலிபி எடுபடவில்லை. எடுபடாத வழக்கிலும் இந்த விதியைச் சொன்னார்களே, அது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

தராசு நேராக இருக்க வேண்டும் என்பதுதான் டாயில் புத்தகத்தின் சாரமும். வீட்டார் சொல்வதை எவ்வளவு சந்தேகத்தோடு கேட்கிறோமோ, தெரு விளக்கின் கீழ் பார்த்தவள் சொல்வதையும் அவ்வளவு சந்தேகத்தோடு கேட்க வேண்டும். முதலில் என்ன சொன்னாள்? எப்போது மாற்றினாள்? மாற்றுவதற்கு முன்னால் அவளுக்கு யார் எதைக் காட்டினார்கள்? இந்த மூன்று கேள்விகளைக் கேட்டிருந்தால் ஒன்பது பேரில் இரண்டு பேராவது மனசு மாறியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். இங்கிலாந்தில் 1976-இல்தான், அடையாளச் சாட்சியத்தை மட்டும் நம்பிய வழக்குகளில் நீதிபதி ஜூரர்களை எச்சரித்தாக வேண்டும் என்ற விதி உறுதிப்பட்டது. டாயில் எழுதி அறுபத்து நாலு வருஷம் கழித்து.

நாவல் எழுதுகிற நமக்கு இதில் ஒரு பங்கு உண்டு. ஓடுகிற மனிதனை எழுத நாம் கற்றுக்கொண்டுவிட்டோம், எழுதினால் படிக்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதனை, அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான் என்று வாசகன் நம்பும்படியாக எழுதுவது கஷ்டம். அதில் விசேஷம் ஒன்றும் நடப்பதில்லை. ஆனால் அதை எழுதத் தெரிந்தவர்கள் அதிகமாக இருக்கிற சமூகத்தில், அப்படிப்பட்ட சாயங்காலத்தைக் கோர்ட்டில் எடுத்துச் சொல்லும்போது நம்புகிறவர்களும் சற்று அதிகமாக இருப்பார்கள். 1908 டிசம்பர் 21-ந் தேதி ஏழு மணிக்கு ஸ்லேட்டர் எங்கே இருந்தான் என்ற கேள்விக்கு எந்தக் கோர்ட்டும் கடைசிவரை விடை சொல்லவில்லை. அவன் 1948-இல் இறந்தான். டாயிலின் சிறு நூல் கிடைத்தால் வாசகர்கள் படித்துப் பார்க்க வேண்டும். கொலைகாரன் யார் என்று தேடுகிற பக்கங்களைச் சீக்கிரமாகப் புரட்டிவிட்டு, சாட்சிகளின் வார்த்தைகளை ஒப்பிடுகிற பக்கங்களில் நின்று படிக்க வேண்டும்.